உருளைக்கிழங்கு அறையில் ஒரு பனிக்காலம்

மகளே,

இதைத் தமிழில் எழுதுவதற்காக நீ என்னைத் திட்டுவாய். ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதாதா, எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். ஓமானில், இந்தச் சோஹாரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் இந்தி படித்து, ஆங்கிலத்தில் சண்டை போட்டு வளர்ந்தவள் நீ. உன் அம்மா மறைக்கல்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுக்களையில் சொல்லிக்கொடுத்ததுதான் உனக்குத் தெரிந்த தமிழ். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அப்படியே படி. ஒரு பக்கத்தைத் தாண்ட உனக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரமும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். போனில் அந்தச் சுகம் இல்லை. போனில் நீ எப்போதும் எங்கேயோ நடந்துகொண்டே பேசுகிறாய்; பாதி நேரம் உன் மூச்சும் காற்றும்தான் கேட்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல வேறு எங்கேயாவது போய்விடுவேன். ஜூன் மாதத்தோடு காய்கறி கோல்ட் ஸ்டோரில் என் வேலை முடிகிறது. அது உனக்குத் தெரியும். வேலை முடிந்தால் விசா கேன்சல், விசா போனால் வீடு காலி, நானும் உன் அம்மாவும் குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவோம். அதுவும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. இந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு தடவை இங்கே வந்து, உன் அறையில் படுத்து எழுந்து, உன் அம்மாவோடு இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்காக நான் ஏங்கிக் கிடக்கிறேன். நீ கூப்பிடும் ஒவ்வொரு ஞாயிறும் போனில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்காருவேன். வாய் வரை வரும். அதற்குள் நீ, "செடி எப்படி இருக்குப்பா?" என்று கேட்டுவிடுவாய். நானும் செடியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். உனக்கும் எனக்கும் நடுவில் பேச்சுத் துணைக்கு அந்தச் செடிதான் இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. அதுவும் இல்லாவிட்டால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்திருக்கும்.

அதற்கு இப்போது வயது நான்கு ஆகப்போகிறது. நீ கடைசியாக வந்தபோது கொண்டுவந்த விதை. ஆகவே செடிக்கு என்ன வயதோ அதுதான் நீ வராமல் இருக்கும் காலமும். ஆகஸ்ட் மாதம். மஸ்கட் விமான நிலையத்திலிருந்து கார் வரைக்கும் நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் நாட்கள். ஆஸ்திரியாவில் அந்த மலை ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து முதல் லீவில் வந்திருந்தாய். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்து மேசையில் கொட்டினாய். ஒவ்வொரு விதைக்கும் பின்னால் மெல்லிய வால், வால் முழுக்க ரோமம். உன் வீட்டு ஓனரம்மாவின் தோட்டத்தில் எடுத்தது, ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே புல்வெளியில் தானாக முளைக்கும் காட்டுப்பூ, பனி உருகியதும் வரும், ஈஸ்டர் சமயத்தில் பூப்பதால் ஆங்கிலத்தில் பாஸ்கா பூ என்றே பெயர், ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருடா வருடம் அதே வேரிலிருந்து எழுந்து வரும் என்றெல்லாம் சொன்னாய். உன் அம்மா ஒரு விதையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கோழிக்க இறகு மாதிரியில்லா இருக்கு" என்றாள். நீ சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, இந்த ஊர்ச் சூட்டில் இது முளைக்கவே முளைக்காது, இதற்குப் பனி வேண்டும் என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வெயிலூரில் குளிரை உண்டாக்கிக் கொடுப்பதுதான் இத்தனை வருடமும் என் பிழைப்பு. என்னிடமே வந்து இங்கே குளிர் இல்லை என்கிறாய்.

நீ மறந்திருப்பாய், உனக்குக் குளிரை முதன்முதலில் காட்டியதே நான்தான். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்ரஸர் நின்றுவிட்டது என்று ஸ்டோரிலிருந்து போன். அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். என் ஜாக்கெட்டை உனக்குப் போட்டுவிட்டேன். அது உன் கால் வரை வந்தது. வேலையெல்லாம் முடிந்து உருளைக்கிழங்கு அறையைத் திறந்து உள்ளே போனதும் உன் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. வயிற்றுக்குள் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து அழுதாய். பிறகு எனக்கும் அப்படி வருகிறது என்று பார்த்ததும் அழுகை நின்றது. அப்புறம் ஊதினாய், ஊதினாய், ஊதிக்கொண்டே இருந்தாய். வெளியே வரமாட்டேன் என்று மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் நீ இவ்வளவு தூரம் குளிரைத் தேடிப் போயிருக்க மாட்டாயோ என்று சில சமயம் கிறுக்குத்தனமாகத் தோன்றும். உன் அம்மாவிடம் சொன்னேன். மறுத்துப் பேசுவாள் என்று பார்த்தால், "ஆமா, எல்லாம் உங்களாலதான்" என்று சட்டென்று ஒத்துக்கொண்டாள்.

நீ திரும்பிப் போன வாரமே விதைத்தேன். விதை புதிதாக இருக்கும்போதே மண்ணுக்குள் போக வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது என்று நீ சொல்லியிருந்தாய். வேர் முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே இறங்கும், பிடுங்கி வேறு தொட்டியில் வைத்தால் பிழைக்காது என்றும் சொல்லியிருந்தாய். கடையில் விற்கும் பூந்தொட்டி எதிலும் அந்த ஆழம் இல்லை. ஒரு கட்டட சைட்டில் மிச்சம் கிடந்த பெரிய வடிகால் குழாயைக் கேட்டு வாங்கி, முழங்கை நீளத்துக்கும் கூடுதலாக மூன்று துண்டு அறுத்து, அடியில் வலை கட்டினேன். மண்ணுக்கு வாதிக்குப் போனேன். மழை வந்தால் மட்டும் ஆறாக ஓடி மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்தப் படுகையில் சுண்ணாம்புக்கல் சரளை வேண்டிய மட்டும் கிடக்கிறது. சலித்து, கழுவி, ஒரு பிடி மக்கிய உரம் மட்டும் கலந்தேன். மேலே ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே வந்துவிட வேண்டும். தண்ணீர்கூட ஏசியிலிருந்து வடிவதைத்தான் வாளியில் பிடித்து ஊற்றினேன். குழாய்த் தண்ணீரில் உப்பு. பால்கனியில் இதையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அம்மா, மகள் இருந்தபோது ஒரு நாளாவது அவளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை. எனக்கு வராது. கல் சலிக்க வரும்.

சோஹாரில் டிசம்பர் என்றால் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடற்கரையோரக் கோர்னிஷில் நடப்பார்கள். செடிக்கு அதெல்லாம் குளிரே இல்லை. மூன்று குழாயையும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் உருளைக்கிழங்கு அறையின் மூலையில் வைத்தேன். நாலு டிகிரி, இருட்டு, சத்தமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுச் சரக்கு இருக்கும் இடத்தில் மண் தொட்டி வைப்பது தப்பு. இன்ஸ்பெக்ஷன் வந்தால் மாட்டிக்கொள்வேன். ஆனால் சீக்கிரமே குட்டு வெளிப்பட்டது. என் சூப்பர்வைசர் ரஷீத்தை உனக்குத் தெரியும். சோஹார்க்காரர், பலூச்சி, எங்களோடு இந்தியில்தான் பேசுவார். டார்ச் அடித்துக் குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "யே க்யா ஹை பாய்? அந்தர் குச் மாஃபி" என்றார். இது என்ன, உள்ளே ஒன்றுமே இல்லையே என்கிறார். ஒன்றும் இல்லாத மண்ணை எதற்குக் குளிரில் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "மேரி பேட்டி கா ஹை" என்றேன். என் மகளுடையது. அவர் டார்ச்சை அணைத்தார். அவருடைய மகள் கல்யாணமாகிக் குவைத்தில் இருக்கிறாள். பிறகு சுற்றிலும் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டி, உருளைக்கிழங்கிலும் மண்தானே ஒட்டியிருக்கிறது, கலாஸ், விடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் "பேட்டி ஜாகி?" என்று கேட்பார். மகள் முழித்துக்கொண்டாளா? இன்னும் இல்லை என்பேன்.

மார்ச்சில் மூன்று குழாயிலும் முளை வந்தது. அந்த மூன்றில் இரண்டை நாங்கள் ஆளுக்கொன்றாகக் கொன்றோம். போனில் வெயில், காற்று என்று ஏதேதோ காரணம் சொன்னோம், உண்மை இதுதான். நான் கொன்றது அடுத்த குளிர்காலத்தில். உருளைக்கிழங்கு அறையில் சரக்கு நிரம்பி வழிந்ததால் ஒரு குழாயை மட்டும் ஆப்பிள் அறைக்கு மாற்றினேன். ஆப்பிள் எப்போதும் ஒரு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் எதை வைத்தாலும் சீக்கிரம் பழுத்துக் கெட்டுப்போகும். கோல்ட் ஸ்டோரில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த பாடம் அது. நானே எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன். ஆனால் காய்கறிக்குத்தானே அந்தக் கணக்கு, தூங்குகிற செடிக்கு என்ன என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அது எழுந்திருக்கவே இல்லை.

உன் அம்மா கொன்றது அன்பால். நம்மூர்க் கடற்கரையில் மீன் கழுவின தண்ணீரை யாரும் சும்மா கொட்டமாட்டார்கள். முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுவார்கள். நம் பால்கனியில் பெயின்ட் வாளியில் நிற்கும் கறிவேப்பிலை அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் காடாக வளர்ந்தது. வெறும் கல்லில் ஒரு செடி பட்டினி கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நெய்மீன் கழுவிய தண்ணீரை ஒரு குழாய்க்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கொஞ்ச நாள் அது மதமதவென்று வளர்ந்தது. படம் அனுப்பியபோது நீதான் சந்தேகப்பட்டாய். மலையில் இது இவ்வளவு பச்சையாக இருக்காது, கையடக்கமாக, உடம்பெல்லாம் ரோமமாக இருக்கும் என்றாய். நீ எங்கள் பெருமையைக் கெடுப்பதாக நினைத்தோம். அடுத்த வாரமே கழுத்து அழுகிச் சாய்ந்துவிட்டது. "பசிக்குமேண்ணுதானே குடுத்தேன்" என்று சொல்லி உன் அம்மா அழுதாள்.

அன்றைக்கு எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ அங்கே போன புதிதில் நாங்கள் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? தினமும் என்ன சாப்பிட்டாய், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, தனியாக இருக்கிறாயா, கோயிலுக்குப் போனாயா என்று துளைத்தெடுத்தோம். கருவாடும் முறுக்கும் கட்டிப் பார்சல் அனுப்பினோம். நீ ஒரு வார்த்தையில் பதில் சொல்வாய். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு உன் அம்மா இரவெல்லாம் புரண்டு படுப்பாள். நீ சந்தோஷமாக இல்லை என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். நீ நன்றாகத்தான் இருந்தாய். உனக்குத் தேவையானது குறைவு, அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பார்க்காமல், நம்மிடம் இருப்பதையெல்லாம் கொட்டுவதுதான் பாசம் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். நாளைக்கு உனக்கென்று ஒரு பிள்ளை வந்தால் நீயும் கொஞ்சம் இப்படித்தான் இருப்பாய். இருந்துவிட்டுப் போ. ஆனால் கொட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அதனிடம் கேட்டுவிடு.

மிஞ்சியது ஒன்று. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். குளிர்காலத்துக்கு ஸ்டோர் இருக்கிறது, கோடைதான் பெரும்பாடு. வெளியே வைத்தால் ஒரு பகல் தாங்காது. உன் அறையில் கிழக்கு ஜன்னலை ஒட்டி, உன் படிப்பு மேசை மேல் வைத்தோம். மே தொடங்கி செப்டம்பர் வரை அந்த அறை ஏசி இரவும் பகலும் ஓடும். நானும் உன் அம்மாவும் ஹாலில் ஒரே ஏசிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற ஆட்கள். எங்கள் அறை ஏசியைப் போட மனசு வராது. ஆள் இல்லாத உன் அறை மட்டும் ஐஸ் பெட்டியாக இருக்கும். கரன்ட் பில்லைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உன் அம்மா செடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தால் உன் கட்டிலில், உன் பழைய போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிடுவேன்.

இலையுதிர்ந்து அது மண்ணுக்குள் போய்விடும் காலம் இருக்கிறதே, அதற்கு எங்களுக்குப் பழக்கமே இல்லை. இங்கே ரவுண்டபவுட்டில் வைக்கும் பூச்செடிகளைப் பார்த்திருப்பாய். குளிர் மாதம் வந்ததும் நடுவார்கள், வெயில் ஏறியதும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். போனது போனதுதான். ஆனால் இது செத்தது மாதிரி கிடக்கும், சாகவில்லை என்று நாம் நம்ப வேண்டும். அந்தச் சமயம் தண்ணீரும் ஊற்றக் கூடாது, தோண்டியும் பார்க்கக் கூடாது. போன வருடம் ஸ்டோரில் அந்த மண்ணைப் பார்த்தபடி நிற்கும்போது எனக்குக் கை துறுதுறு என்றது. ஒரு குச்சியால் லேசாகக் கிளறினால் வேர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். குச்சியைக் கூட எடுத்துவிட்டேன். பிறகு கீழே போட்டேன். நீ பேசாமல் இருக்கும் வாரங்களில் உன்னை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்று எனக்குப் புத்தி வந்தது அந்தச் செடியால்தான். ஆனால் பாரேன், அந்தப் புத்தி கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. வீட்டுக்கு வா என்றுகூடக் கூப்பிடக் கூடாது என்ற அளவுக்குப் போய்விட்டேன்.

ஜூனுக்குப் பிறகு செடிக்கு என்ன ஏற்பாடு என்று நீ போன மாதம் கேட்டாய். குளச்சலில் கடற்காற்றில் அது ஒரு வாரம்கூட இருக்காது. ரஷீத் ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஜபல் அக்தர் மலை மேலே அவருடைய நண்பருக்கு மாதுளைத் தோட்டம் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். அந்த மலைப் பாதையில் ஏறுகிற வண்டி அவரிடம் இருக்கிறது. குழாயோடு கொண்டுபோய், குழி வெட்டி இறக்கி வைத்து, குழாயை மட்டும் நெடுக அறுத்து உருவிவிட்டால் வேர் அசையாது. எப்படி அறுப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆக, ஐரோப்பா மலையிலிருந்து வந்தது ஓமான் மலையில் இருக்கப்போகிறது. செடிக்கு ஒரு ஊர் கிடைத்துவிட்டது. உனக்குத்தான் இல்லாமல் போகிறது. எங்கிருந்து வருகிறாய் என்று யார் கேட்டாலும் உன் வாயில் முதலில் சோஹார் என்றுதான் வரும், அப்புறம்தான் இந்தியா என்பாய். குளச்சல் வீடு உனக்கு ஸ்கூல் லீவுக்குப் போய்க் கொசுக்கடி வாங்கிய வீடு. உனக்கு வீடு இதுதான். என் விசா இருக்கும் வரைதான் இது வீடு. அதற்குப் பிறகு நீ பிறந்த ஊருக்கு வந்தால் டூரிஸ்டாக, ஹோட்டலில்தான் தங்குவாய். இந்தக் கதவுக்குப் பின்னால் வேறு யாரோ இருப்பார்கள்.

இந்தத் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்தேன். கொஞ்ச நாள் வெறும் கல்லாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் கற்களுக்கு நடுவே பூனைக்குட்டியின் காது போல ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. மொட்டு. இலை இன்னும் விரியவில்லை, அதற்குள் மொட்டு வந்துவிட்டது. ரோமம் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்து நின்றது. ரஷீத்துக்குப் போன் செய்தேன். அன்று மாலையே பேரீச்சம்பழ டப்பாவோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உன் அறை வாசலில் நின்று பார்த்தார். "பேட்டி ஆ கயி" என்றார். மகள் வந்துவிட்டாள். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் காபி கொண்டுவருகிறேன் என்று அடுக்களைக்குப் போய் உன் அம்மாவின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று நீ கூப்பிட்டாய். மொட்டு வந்ததைக் கேட்டு அப்படிக் கத்தினாய். இந்தத் தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய். பாஸ்காவுக்கு லீவு கிடைக்காது, பனிச்சறுக்கில் கால் உடைத்துக்கொண்டவர்களால் வார்டு நிரம்பிக் கிடக்கிறது, கோடையில் லீவு எடுப்பதற்குப் பதிலாக டியூட்டி பார்த்தால் கூடுதல் சம்பளம் தருகிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றாய். "பூத்ததும் போட்டோ அனுப்புங்கப்பா, ஓகே?" என்றாய். நான் ஓகே என்றேன். டியூட்டி முக்கியம், உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். போனை வைத்தேன்.

உன் அம்மா ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "கேட்டியளா?" என்றாள். இல்லை, அவளுக்கு டியூட்டி என்றேன். "அவளுக்க டியூட்டிய அவ பாத்துக்கிடுவா. வாண்ணு கேக்க வேண்டியது நம்மளாக்கும்" என்றாள். நான் சமாதானம் சொன்னேன். பிள்ளையைத் தர்மசங்கடத்தில் மாட்டக் கூடாது, நாம் கேட்டு அவள் வர முடியாமல் போனால் அவளுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம் என்றேன். "நீகூட அந்தக் காலத்துல என்னை ஒருநாளும் வரச் சொன்னதில்லையே" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்னால், கல்யாணமாகி அவள் ஊரிலும் நான் இங்கே தொழிலாளர் கேம்பிலுமாக இருந்த வருடங்களைப் பற்றி உனக்குத் தெரியும். லீவுக்கு ஊருக்குப் போகாமல் அந்த லீவைக் கம்பெனிக்கே விற்றுவிட்டுச் சம்பளமாக வாங்கிக்கொள்வோம். கல்ஃபில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்ததுதான். நானும் செய்தேன். போனில் ஒரு தடவைகூட அவள் வாருங்கள் என்று சொன்னதில்லை. எவ்வளவு தைரியமான பெண், தனியாகச் சமாளிக்கிறாள் என்று கேம்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மா ஓலையைக் கீழே வைத்தாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. "நான் வாங்கண்ணு சொல்லல்ல" என்றாள். "நீங்க வரவும் இல்ல."

மறுபடியும் ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சிலுவையை முடைந்து முடித்து உன் அறைக் கதவில் குத்திவைத்தாள். அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதி, அடித்து, மறுபடி எழுதி இன்றைக்கு வந்து நிற்கிறது. மகளே, நீ கோடை லீவை எடுக்காமல் சம்பளமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னபோது என் குரலையே கேட்டது மாதிரி இருந்தது. கேட்காததால் போகாமல் இருந்தவன் நான். கேட்காமல் உன்னையும் அப்படி விட்டுவிட எனக்கு மனசு இல்லை. உன் லீவை விற்காதே. மேலதிகாரியிடம் போய்க் கேள். ஒரு வாரம் போதும். மே மாதமானாலும் சரி, நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஜூனானாலும் சரி. அதற்குள் வர வழியே இல்லை என்றால் அதையும் சொல், தாங்கிக்கொள்வோம். ஆனால் அப்பா கேட்கவே இல்லை என்று மட்டும் நீ பிறகு ஒருநாள் சொல்லக் கூடாது.

இன்று காலை வெயில் உன் ஜன்னலில் ஏறியதும் அந்த மொட்டு திறந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு எதிரே உன் மேசை மேல்தான் இருக்கிறது. உன் அம்மா இன்னும் இரவு உடையோடு உன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் போனை எடுத்து என்னிடம் நீட்டி, மகளுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், காத்துக்கொண்டிருப்பாள் என்றாள். நான் வாங்கவில்லை. என்ன நிறம், எத்தனை இதழ், நடுவில் எப்படி இருக்கிறது என்று இதிலும் எழுதப்போவதில்லை. போட்டோ அனுப்ப மாட்டேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் மகளே. வா.

அப்பா